கருவிக்கும் கஞ்சிக்கும்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சந்நிதி உண்டு. உடம்புக்கு முடியாதவர்களும் அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வந்தவர்களும் அங்கே நிற்பதை இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். அந்தச் சந்நிதியோடு சேர்ந்து ஒரு மருத்துவமனையும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. சக ஆண்டு 1415, அதாவது 1493இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று கோயிலில் இருக்கிறது. பழுதாகிக் கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் மரபில் வந்த ஒருவர் திரும்பக் கட்டி, தன்வந்திரியையும் அங்கே எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது.

திரும்பக் கட்டினார் என்றால் முன்பே ஒன்று இருந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில், போசள மன்னன் வீர ராமநாதன் காலத்தில், அவனுடைய தண்டநாயகர் ஒருவரின் கொடையால் அது எழுந்தது. போசளர்களின் தெற்குத் தலைநகரமான கண்ணனூர் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், இன்றைய சமயபுரத்தை ஒட்டி இருந்தது. 1311இலும் 1323இலும் டில்லிப் படைகள் வந்தபோது கோயில் பட்ட பாட்டில் ஆரோக்கியசாலையும் சிதைந்தது. 1371இல் செஞ்சியிலிருந்து கோபணார்யர் நம்பெருமாளைத் திரும்ப எழுந்தருளச் செய்த பிறகு, கோயில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றது. ஆரோக்கியசாலைக்கு மட்டும் முறை வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

நான் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். புற்றுநோய் வந்த ஏழைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்கப் பணம் திரட்டும் சிறு குழு ஒன்றில் ரசீதுப் புத்தகம் இப்போது என் கையில் இருக்கிறது. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். அதனால் கல்வெட்டுகளைப் படிக்கும்போது என் கண் மன்னர் பெயரிலும் மெய்க்கீர்த்தியிலும் நிற்பதில்லை. யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், கொடுத்தது தீர்ந்துபோகாமல் இருக்க என்ன செய்தார் என்பதைத்தான் தேடுகிறேன்.

அப்படித் தேடுகிறவர்களுக்குத் திருமுக்கூடல் கல்வெட்டைப் போல இன்னொன்று கிடைக்காது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில், காஞ்சிபுரத்துக்கு அருகில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் அது இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. ஏறத்தாழ 1068ஆம் ஆண்டு. கோயிலைச் சேர்ந்த பள்ளியின் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக அங்கே ஒரு மருத்துவமனை நடந்தது. பெயர் வீரசோழன். 15 படுக்கைகள். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவம் செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சும் இரண்டு பேருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் ஒரு காசும். முடிதிருத்துபவருக்கு 15 கலம். படுக்கையில் இருப்பவர்களின் சாப்பாட்டு அரிசிக்கு ஒரு பங்கு, இரவில் எரிய வேண்டிய விளக்கின் எண்ணெய்க்கு ஒரு பங்கு. ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு தனிப் பட்டியல்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. நெல்லைக் கலக்கணக்கில் பிரித்தவர்கள் விளக்கெண்ணெயை மறக்கவில்லை. நோயாளியின் முடியை யார் வெட்டுவார் என்றும் யோசித்திருக்கிறார்கள். கட்டடத்தைக் கட்டியதோடு அறம் முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருந்தால் இத்தனை வரிகளைக் கல்லில் வெட்ட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

தீராமல் கொடுக்கும் வழியையும் அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள், சில இடங்களில் 90 ஆடுகள், கொடுப்பது வழக்கம். மந்தையை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் அளந்த அளவு நெய் தர வேண்டும். குட்டிகள் பெருகினாலும் கிழடுகள் செத்தாலும் கணக்கில் ஆடுகளின் எண்ணிக்கை மாறாது. அதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றார்கள். வங்கியில் வேலை பார்த்த எனக்கு இது நன்றாகப் புரிகிறது: முதலைத் தொடாதே, வட்டியில் விளக்கை எரி. குந்தவைப் பிராட்டி தஞ்சையில் தன் தந்தையின் பெயரால் நடந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு நிலம் வாங்கிக் கொடுத்ததும் இதே முறைதான். நிலம் ஆண்டுதோறும் விளையும். விளைகிற வரை மருத்துவர் இருப்பார்.

பணம் திரட்டத் தெரியாத ஊர் இல்லை இது. முந்நூறு, நானூறு ஆண்டுகளாக மொட்டையாக நின்ற தெற்கு ராயகோபுரத்தை அஹோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று கட்டி முடித்தார். 1979இல் தொடங்கிய வேலை 1987 மார்ச் 25 குடமுழுக்கில் முடிந்தது. 13 நிலை, 236 அடி. ஒவ்வொரு நிலைக்கும் கொடையாளர்கள் வந்தார்கள். இளையராஜாவும் ஒரு நிலைக்கான செலவை ஏற்றார். பெயர் வெளியில் வராத ஆயிரக்கணக்கானவர்கள் ஐந்தும் பத்தும் கொடுத்தார்கள். நான் அப்போது வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. சம்பள நாளில் எங்கள் கிளையிலும் ஒரு உறை சுற்றி வரும். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. ஓர் ஊர் மனது வைத்தால் எவ்வளவு பெரிய காரியத்தையும் முடிக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

புற்றுநோய்க்காகத் தமிழ்நாட்டில் முதன்முதலில் இப்படிக் கையேந்தியவர் எங்கள் பக்கத்தில் பிறந்தவர். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். சமஸ்தானத்தின் ஆதரவோடு அங்கே ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் சேர்ந்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், அவ்வை இல்லத்தை நிறுவியவர் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். அவருடைய தங்கை 1920களில் குடல் புற்றுநோயால் இறந்தார். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டே இருந்ததில் நோய் முற்றிவிட்டது. மருத்துவரான அக்கா பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் அவர் லண்டன் சென்றபோது அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடப்பதைப் பார்த்தார். நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதியானது.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவர் அதை வெளிப்படையாகக் கேட்டார். கேட்டதும் கிடைக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், சாகப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று பதவியில் இருந்தவர்களே நினைத்த காலம். 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அவர் பக்கம் நின்றது. 1949இல் அச்சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியது. 1952 அக்டோபர் 10 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறந்தது. முதல் கேள்விக்கும் முதல் படுக்கைக்கும் இடையில் 19 ஆண்டுகள். திறந்தபோது முத்துலட்சுமிக்கு வயது 67.

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு உரிமையும் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தபோது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் சேர்க்கப்பட்டது. 1974 ஜனவரியில்தான் தனி மாவட்டமானது. அடையாறில் அடிக்கல் நாட்டிய நாளிலும் படுக்கை போட்ட நாளிலும் முத்துலட்சுமியின் சொந்த ஊர் நம் மாவட்டத்து ஊர்.

அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி நிலையத்தை நடத்தினார். 1955 ஏப்ரல் 13 அன்று டாக்டர் சாந்தா அந்த வளாகத்துக்கே குடிவந்தார். 2021 ஜனவரி 19 அன்று இறக்கும் வரை அதுதான் அவர் வீடு. 2005இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. ஏழை நோயாளியிடம் காசு இல்லை என்பதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது என்ற கொள்கையில் அந்த நிலையம் இன்றும் நிற்கிறது. அதற்கான பணத்தை ஒவ்வொரு ஆண்டும் யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கருவிகளின் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இது. புற்றுநோய்க் கருவிக்காகப் பொதுமக்கள், அதிலும் பெண்கள், பணம் திரட்டியது அடையாறில் தொடங்கவில்லை. 1921இல் மேரி கியூரியின் ஆய்வுக்கு ஒரு கிராம் ரேடியம் தேவைப்பட்டது. விலை ஒரு லட்சம் டாலர். கண்டுபிடித்தவரிடமே அதை வாங்கப் பணம் இல்லை. மேரி மெலனி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்நாட்டுப் பெண்களிடம் பணம் திரட்டினார். மே 20 அன்று ஜனாதிபதி ஹார்டிங் வெள்ளை மாளிகையில் அதைக் கியூரியிடம் அளித்தார். அளிப்பதற்கு முன்பு கொடைப் பத்திரத்தைத் திருத்தச் சொன்னார் கியூரி: ரேடியம் தன் சொத்தாகக் கூடாது, தனக்குப் பிறகு தன் வாரிசுகளுக்கும் போகக் கூடாது, ஆய்வுக்கூடத்துக்கே சேர வேண்டும். பொதுப்பணத்தைக் கையில் தொடுகிறவர்கள் எல்லாரும் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரேடியம் பாதியாகத் தேய 1,600 ஆண்டுகள் ஆகும். கொடுத்தால் கொடுத்ததுதான், பல தலைமுறைக்குத் தாங்கும். ஆனால் அது கிடைப்பதற்கு அரியது, விலையும் மிக அதிகம். 1951 அக்டோபரில் கனடாவில் கோபால்ட்-60 கொண்டு முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார்கள். அணு உலையில் உருவாக்கக்கூடிய மலிவான கதிர்மூலம். உலகெங்கும் ஏழை நாடுகளுக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை எட்டியது இதனால்தான். எல்டொராடோ என்று பெயரிட்ட அந்த வகைக் கருவி ஒன்று கனடாவிலிருந்து கொடையாக அடையாறுக்கு வந்து 1957இல் வேலை செய்யத் தொடங்கியது. இந்தியாவின் முதல் கோபால்ட் சிகிச்சைக் கருவி அது. 1976இல் நாட்டின் முதல் லீனியர் ஆக்ஸிலரேட்டரும் அங்கேதான் வந்தது.

கோபால்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஐந்தேகால் ஆண்டில் அதன் வீரியம் பாதியாகிவிடும். மாதம் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் குறைந்துகொண்டே வரும். புதிதாக இருக்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிடம் கதிர் கொடுத்தால் போதும் என்றால், ஐந்தேகால் ஆண்டு கழித்து அதே அளவுக்கு நான்கு நிமிடம் வேண்டும். ஒரு நாளில் பார்க்கக்கூடிய நோயாளிகள் குறைவார்கள். வெளியே வரிசை நீளும். அப்போது பழைய மூலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். இன்று நம் நாட்டிலேயே ராஜஸ்தானின் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தில் கோபால்ட் தயாராகிறது. ஆனாலும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். லீனியர் ஆக்ஸிலரேட்டரில் தேய்ந்துபோகும் மூலம் கிடையாது. அதற்குப் பதில் தடையில்லாத மின்சாரம், குளிரூட்டி, அவ்வப்போது மாற்ற வேண்டிய பாகங்கள், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், கதிரின் அளவைச் சரிபார்க்கும் இயற்பியலாளர் என்று வேறு செலவுகள்.

கணக்குப் பார்ப்பவளாக இதை இப்படிச் சொல்கிறேன். சோழர் காலத்து ஆடுகள் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. நாம் வாங்கிக் கொடுக்கும் கருவி, கொடுத்த நாளிலிருந்தே மூப்படைகிறது. அந்த மூப்புக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் கொடை முழுமையாகும்.

கருவி நன்றாக இருந்தாலும் நோயாளி அதன் முன் வந்து படுக்க வேண்டும். ஒரு காலத்தில் திருச்சி, லால்குடி, முசிறி, அரியலூர்ப் பக்கத்து நோயாளிகள் பலருக்கு ராத்திரி ரயிலேறி எழும்பூரில் இறங்கி அடையாறு போவதைத் தவிர வேறு வழி தெரியாது. ரயில்வே இன்றும் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுச் சலுகை தருகிறது; கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்குச் சலுகை. இப்போது திருச்சியிலேயே லீனியர் ஆக்ஸிலரேட்டர் வந்துவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பல குடும்பங்கள் வீட்டையும் தாலியையும் விற்காமல் தப்பியது இந்த அட்டையால்தான். அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் மருத்துவமனை வாசலுக்கு வெளியே அட்டை செல்லாது. துறையூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், கணவருக்கு வாயில் புற்று, என்னிடம் சொன்னார்: “கரண்டு வைக்கிறதுக்குக் காசு இல்லம்மா, அது கார்டுல ஓடிருது. தெனம் வந்து போறதுதாம்மா முடியல. இவரு வேலைக்குப் போயி மூணு மாசம் ஆச்சு, நானும் கூட வந்துட்டா வீட்ல யாரு சம்பாதிப்பா?” கதிர்ச் சிகிச்சை என்பது வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து, ஆறு, சில நேரம் ஏழு வாரம். தினமும் இரண்டு பேருக்கு இரண்டு வேளைப் பேருந்து. வாய்ப் புற்றுக்குக் கதிர் வைத்தால் மூன்றாவது வாரத்தில் வாய் வெந்து புண்ணாகும். சோறு இறங்காது. கஞ்சி, முட்டை, பால், சத்துமாவு என்று நீராகாரமாகத்தான் கொடுக்க வேண்டும். எடை இறங்கினால் உடம்பு தாங்காது. சிகிச்சையை நிறுத்த வேண்டி வரும். நடுவில் விட்டால் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்புக் குறைகிறது என்று கதிர்ச் சிகிச்சை மருத்துவர்கள் அனைவரும் சொல்வார்கள்.

அப்படியானால் அந்தக் கஞ்சியும் சிகிச்சையில் சேர்த்திதானே? பல கோடி ரூபாய்க் கருவி முன் படுத்திருந்தவர் நாலாவது வாரம் பேருந்துக்குக் காசில்லாமல் வீட்டோடு நின்றுவிட்டால், அந்தக் கோடிகள் அவருக்கு என்ன செய்தன? திருமுக்கூடலில் மருத்துவருக்கு 90 கலம் எழுதியவர்கள் அதே கல்லில் நோயாளியின் அரிசியையும் எழுதியதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே செலவாகப் பார்த்தார்கள்.

எங்கள் குழுவில் வசூலுக்குப் போகும்போது இந்த வேறுபாட்டை நான் கண்ணெதிரே பார்க்கிறேன். கருவி என்றால் பெரிய தொகை சொல்கிறார்கள். பெயர்ப் பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், அப்பா அம்மா பெயரைப் போடலாம். அதில் தவறே இல்லை. கல்வெட்டிலும் பெயர் இருக்கிறது. பேருந்துக் காசு என்றால் தயங்குகிறார்கள். இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்குத் தீர்ந்துவிடுமே என்கிறார்கள். தீர்ந்துபோவதில் குறை என்ன இருக்கிறது? ஒருவர் ஆறு வாரம் சிகிச்சையை முடித்து வீடு திரும்புகிறார். அந்தப் பணம் அதற்காகத்தான் வந்தது.

உத்தர வீதியில் ஓய்வூதியம் வாங்கும் பாட்டி ஒருவர் மாதா மாதம் சிறு தொகை தருகிறார். ரசீதில் தன் பெயரை எழுத வேண்டாம், “ஒரு ஆளுக்கு ஒரு வாரச் செலவு”ன்னு போடும்மா என்பார். அவரைப் பார்த்துத்தான் எங்கள் ரசீதை மாற்றினோம். இப்போது தொகைக்குக் கீழே அது எதற்கு ஆகும் என்றும் எழுதுகிறோம்: இத்தனை நாள் பேருந்து, இத்தனை நாள் சத்துமாவு. அதன் பிறகு கேட்பது எளிதாகிவிட்டது. கொடுப்பவருக்கும் தன் பணம் எங்கே போகிறது என்று தெரிகிறது.

அடுத்த வேலையாக ஒரு நிலையான வைப்பு நிதி தொடங்க இருக்கிறோம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிப்பது. பண மதிப்பு குறைந்துகொண்டே வரும் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஆண்டுதோறும் வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறேன். ஆடு செத்தால் குட்டியை வளர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்களே, அதே கணக்கு. வைப்பு யார் பெயரிலும் இருக்காது. எங்களுக்குப் பிறகு யார் பொறுப்புக்கு வந்தாலும் நோயாளிகளுக்கு மட்டுமே போகும் என்று பத்திரத்தில் இருக்கும்.

கருவி வாங்கிக் கொடுக்க முன்வரும் நிறுவனங்களிடமும் குடும்பங்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். கருவி கட்டாயம் வேண்டும், அதைக் கொடுங்கள். கொடுக்கும்போதே அது வேலை செய்யும் ஆண்டுகள் முழுவதற்குமான பராமரிப்புக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். அதன் முன் வந்து படுக்கப்போகிற ஏழைகளின் பேருந்துக்கும் கஞ்சிக்கும் இன்னொரு தொகை ஒதுக்குங்கள். மூன்றையும் ஒரே பத்திரத்தில் எழுதுங்கள். பணம் திரட்டுகிற எங்களைப் போன்றவர்களும் மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெரியதைக் கேட்டுவிட்டுச் சிறியதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. பாலாற்றங்கரையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விளக்கெண்ணெய் வரை கணக்கெழுதிக் கொடுத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.